இயக்க முறைமையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை: சிபி/எம் முதல் லினக்ஸ் வரை

கடையிலிருந்து ஒரு வானொலிப் பெட்டி வாங்கி வருகிறோம். மின்சாரம் கொடுத்துக் குமிழைத் திருப்பினால் அது பாடத் தொடங்குகிறது. கணிப்பொறியும் இத்தகையதே என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. கணிப்பொறியின் நுண்செயலி, நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை ஆகிய யாவும் சரியாக இருந்தாலும், அவற்றை ஒருங்கிணைத்து வேலை வாங்கும் ஒரு நிரல் இல்லையென்றால் அந்தப் பெட்டி வெறும் உலோகமும் சிலிக்கனும்தான். அந்த நிரலுக்கே இயக்க முறைமை என்று பெயர். ஆங்கிலத்தில் ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்பர்.

இன்று கணிப்பொறி வாங்கும்போது இயக்க முறைமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. எனவே அது பொறியின் ஓர் உறுப்பு என்றே நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் இயக்க முறைமை வேறு, பொறி வேறு என்பதும், ஒன்றை விட்டு மற்றொன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதும் தாமாகவே அமைந்துவிட்ட உண்மைகள் அல்ல. ஒருவர் சிந்தித்து அவ்வாறு அமைத்தார். அந்த வரலாற்றை அறிந்துகொண்டால், உங்கள் மேசைமீது உள்ள கணிப்பொறியின்மேல் உங்களுக்குள்ள உரிமை எவ்வளவு என்பதும் விளங்கும்.

பொத்தான்களால் பேசிய காலம்

1975ஆம் ஆண்டு ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ என்ற அமெரிக்க இதழின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் கணிப்பொறியின் படம் வெளிவந்தது. நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகரில் இருந்த மிட்ஸ் நிறுவனம் அதனை 400 டாலருக்கும் குறைவான விலையில், நாமே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ளும் உதிரிப் பாகங்களாக விற்றது. இன்டெல் 8080 என்ற நுண்செயலி அதன் மூளை. அதன் நினைவகமோ 256 பைட்கள் மட்டுமே. இக்கட்டுரையின் ஒரு சிறு பத்தியைக்கூட அதில் அடக்க இயலாது.

அதற்கு விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. முன்பக்கத்தில் வரிசையாக இருந்த பொத்தான்களை மேலும் கீழும் தள்ளி, ஒவ்வொரு பைட்டாக நிரலைப் புகுத்த வேண்டும். விடை சிறு விளக்குகளின் வழியே தெரியும். மின்சாரம் நின்றால் புகுத்தியதெல்லாம் அழிந்துபோகும்.

விரைவில் விசைப்பலகை, தொலையச்சு, வட்டு முதலியவற்றை இணைக்கும் அட்டைகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுடன் ஒரு புதிய தொல்லையும் வந்தது. நுண்செயலி வெளி உலகத்தோடு பேசுவதற்கு எண்ணிட்ட ‘வாயில்கள்’ உண்டு. மிட்ஸ் விற்ற ஓர் இணைப்பு அட்டையில் விசைப்பலகையின் நிலையை அறிய 0ஆம் எண் வாயிலைப் பார்க்க வேண்டும். அதே நிறுவனத்தின் மற்றோர் அட்டையில் 16ஆம் எண் வாயிலைப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் இவ்வாறு என்றால், பத்து நிறுவனங்கள் பத்து விதமாகச் செய்தபோது என்ன ஆகியிருக்கும்? ஒரு பொறிக்கு எழுதிய நிரல் அடுத்த வீட்டுப் பொறியில் ஓடாது. ஒவ்வொரு நிரலையும் ஒவ்வொரு பொறிக்கும் திருத்தி எழுத வேண்டும். உழைப்பு வீணாயிற்று.

கில்டால் செய்த வேலை

கலிபோர்னியாவின் மான்டரே நகரில் அமெரிக்கக் கடற்படையின் முதுநிலைப் பள்ளி ஒன்று உள்ளது. கேரி கில்டால் அங்கே ஆசிரியர். 1942இல் சியாட்டில் நகரில் பிறந்து, 1972இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இன்டெல் நிறுவனத்திற்கு ஆலோசகராகவும் இருந்தார். நுண்செயலிகளுக்கு நிரல் எழுதுவதற்கென்று பிஎல்/எம் என்னும் மொழியை அவர் 1973இல் உருவாக்கினார்.

அந்நாளில் 8 அங்குல அகலமுள்ள நெகிழ்வட்டு புதிதாக வந்திருந்தது. அதன் ஒரு பக்கத்தில் 77 தடங்கள். ஒவ்வொரு தடத்திலும் 26 பகுதிகள். ஒவ்வொரு பகுதியிலும் 128 பைட்கள். பெருக்கிப் பாருங்கள்: 2,56,256 பைட்கள். 256 பைட் நினைவகத்துடன் கணிப்பொறி விற்கப்பட்ட காலத்தில் இது ஒரு களஞ்சியமே அல்லவா? ஆனால் களஞ்சியத்தில் எந்த மூட்டை எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்க ஆள் வேண்டும். அந்தக் கணக்கப்பிள்ளையாக 1974இல் கில்டால் எழுதிய நிரலே சிபி/எம். அவருடைய நண்பர் ஜான் டோரோடு வட்டை நுண்செயலியுடன் இணைக்கும் மின்சுற்றை அமைத்துக் கொடுத்தார். கில்டாலும் அவருடைய மனைவி டோரதி மெக்யூவனும் சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் என்ற நிறுவனத்தைத் தொடங்கி அதனை விற்றனர்.

முதலில் சிபி/எம்மும் மற்ற நிரல்களைப் போலவே ஒரு குறிப்பிட்ட பொறிக்கென்று எழுதப்பட்டதுதான். வேறு வகை வட்டு இயக்கியைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் கேட்டபோதெல்லாம் அதனைத் திருத்த வேண்டியிருந்தது. இம்சாய் என்ற கணிப்பொறி நிறுவனம் கேட்டபோது, கில்டால் ஒரு முடிவுக்கு வந்தார். பொறிக்குப் பொறி மாறுகிற பகுதிகளையெல்லாம் தனியே பிரித்து ஒரே இடத்தில் வைத்துவிட்டால், மீதியைத் தொடவே வேண்டாமே! அவ்வாறு பிரித்த பகுதிக்கு ‘பேசிக் இன்புட் அவுட்புட் சிஸ்டம்’ என்று பெயரிட்டார். அதன் சுருக்கமே பயாஸ். இன்றும் கணிப்பொறி பழுது பார்ப்பவர்கள் நாள்தோறும் சொல்லும் சொல் இது.

மூன்று அடுக்குகள்

சிபி/எம் மூன்று அடுக்குகளால் ஆனது. மேலடுக்கு நாம் தட்டும் கட்டளைகளைப் படித்துப் புரிந்துகொள்கிறது. நடு அடுக்கு கோப்புகளின் கணக்கைப் பார்க்கிறது. அடியில் உள்ள பயாஸ் மட்டுமே பொறியின் உறுப்புகளைத் தொடுகிறது. 1979இல் வந்த 2.2ஆம் பதிப்பில் மேலடுக்கின் அளவு 2 கிலோபைட், நடு அடுக்கின் அளவு 3.5 கிலோபைட். பயாஸையும் சேர்த்து எல்லாம் வட்டின் முதல் இரண்டு தடங்களில் அடங்கின.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு நிரல் திரையில் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்தைக் காட்ட விரும்புகிறது. அதன் குறியெண் 65. நிரல் செய்ய வேண்டியது இவ்வளவே: ஒரு பதிவகத்தில் ‘2’ என்று வைக்கிறது, ‘ஓர் எழுத்தைக் காட்டு’ என்பதற்கு அதுதான் எண். மற்றொரு பதிவகத்தில் 65 என்று வைக்கிறது. பிறகு நினைவகத்தின் 5ஆம் முகவரியை அழைக்கிறது. அங்கிருந்து கட்டளை நடு அடுக்குக்குச் செல்கிறது. நடு அடுக்கு பயாஸை அழைக்கிறது. இந்தப் பொறியில் திரை எந்த வாயிலில் இருக்கிறது என்பது பயாஸுக்கு மட்டுமே தெரியும். அது எழுத்தை அங்கே அனுப்பிவிடுகிறது. வாயிலின் எண் 0 ஆனாலும் 16 ஆனாலும் நிரலுக்குக் கவலையில்லை.

நாம் தபாலில் கடிதம் போடுவதை நினைத்துப் பாருங்கள். முகவரியை எழுதிப் பெட்டியில் போடுவதோடு நம் வேலை முடிந்தது. அது பேருந்தில் போகிறதா, படகில் போகிறதா, எந்தத் தெரு வழியாகப் போகிறது என்பதெல்லாம் தபால்காரர் பொறுப்பு. ஊருக்கு ஊர் தபால்காரர் மாறலாம். கடிதம் எழுதும் முறை மாறாது.

இப்பொழுது புதிய கணிப்பொறி ஒன்றைச் செய்பவர் முழு இயக்க முறைமையை எழுத வேண்டியதில்லை. 2.2ஆம் பதிப்பின் பயாஸில் 17 சிறு வேலைகள் உண்டு: ஒரு விசையைப் படி, ஓர் எழுத்தைக் காட்டு, வட்டின் இன்ன தடத்திற்குச் செல், ஒரு பகுதியைப் படி, ஒரு பகுதியை எழுது என்பன போன்றவை. இந்த 17ஐயும் தம் பொறிக்கு ஏற்ப எழுதினால் போதும். அதைச் செய்வது எப்படி என்று விளக்கும் கையேட்டையும் டிஜிட்டல் ரிசர்ச் விற்றது. ஆர்வமுள்ள தனி மனிதர்கள்கூட இரவில் உட்கார்ந்து தம் பொறிக்கு ஏற்ற பயாஸை எழுதிக்கொண்டனர்.

நினைவகத்தின் அளவும் பொறிக்குப் பொறி மாறியது. ஒருவரிடம் 32 கிலோபைட், மற்றொருவரிடம் 64 கிலோபைட். இயக்க முறைமை நினைவகத்தின் உச்சியில் அமர வேண்டும்; உச்சியோ ஆளுக்கு ஆள் வேறு. இதற்கும் ஓர் எளிய தந்திரம் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே நிரலை 256 பைட் தள்ளி இரு இடங்களுக்கென்று இரு முறை பொறிமொழியாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். எந்தெந்த பைட்கள் வேறுபடுகின்றனவோ அவையே இடத்தைச் சார்ந்தவை. அவற்றின் பட்டியலை வைத்துக்கொண்டு, சிறு கூட்டலின் மூலம் நிரலை எந்த உயரத்திற்கும் நகர்த்திவிடலாம்.

இதன் பயன் விரைவில் தெரிந்தது. 1978இல் வேர்டுஸ்டார் என்னும் எழுத்துச் செயலி சிபி/எம்முக்காக வந்தது. டிபேஸ் II என்ற தகவல் தொகுப்பு நிரலும் வந்தது. 1980இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், ஆப்பிள் II கணிப்பொறிக்குள் செருகக்கூடிய ஓர் அட்டையை விற்றது. அதில் இசட்80 என்ற வேறொரு நுண்செயலி இருந்தது. அதனைச் செருகினால் ஆப்பிளிலும் சிபி/எம் ஓடும். இயக்க முறைமைக்காக ஒரு நுண்செயலியையே கூடுதலாக வாங்கிப் பொருத்தினர் என்றால், அதன் செல்வாக்கை நீங்களே கணித்துக்கொள்ளலாம்.

குறையே இல்லை என்று சொல்ல முடியாது. 5¼ அங்குல வட்டு வந்தபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி தடங்களையும் பகுதிகளையும் அமைத்தது. நிரல் ஒன்றேயானாலும் ஒருவர் வட்டை மற்றொருவர் பொறி படிக்கவில்லை. எல்லோரும் தத்தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமைக்குப் பொது இணக்கத்தில் ஒரு விலை கொடுக்க வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

40 டாலரும் 240 டாலரும்

8080 எட்டு பிட் நுண்செயலி. அடுத்து வந்த 8086 பதினாறு பிட். அதற்கு ஏற்ற சிபி/எம் வரத் தாமதமாயிற்று. 8086 அட்டைகளை விற்றுவந்த சியாட்டில் கம்ப்யூட்டர் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனத்திற்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. அங்கே பணியாற்றிய டிம் பேட்டர்சன் 1980இல் தாமே ஓர் இயக்க முறைமையை எழுதினார். பழைய நிரல்களை எளிதில் மாற்றிக்கொள்ள வசதியாக, அதன் அழைப்பு எண்களை சிபி/எம்மில் உள்ளவாறே வைத்தார். ஓர் எழுத்தைக் காட்ட இங்கும் எண் 2தான். வட்டில் கோப்புகளை வைக்கும் முறையை மட்டும் வேறாக அமைத்தார்.

அதே ஆண்டில் ஐபிஎம் நிறுவனம் தனிமனிதர் கணிப்பொறி ஒன்றைச் செய்யத் திட்டமிட்டு, இயக்க முறைமை தேடி டிஜிட்டல் ரிசர்ச்சை நாடியது. அந்தச் சந்திப்பைப் பற்றிப் பலர் பலவாறு சொல்லியிருக்கின்றனர். உடன்பாடு ஏற்படவில்லை என்பது மட்டும் வரலாறு. ஐபிஎம் மைக்ரோசாஃப்டிடம் சென்றது. மைக்ரோசாஃப்ட், பேட்டர்சன் எழுதிய முறைமையை விலைக்கு வாங்கி, திருத்தி, ஐபிஎம்முக்குக் கொடுத்தது. பிறருக்கும் விற்கும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது.

1981 ஆகஸ்ட் 12 அன்று ஐபிஎம் பிசி அறிவிக்கப்பட்டது. அதற்கு ஓர் இயக்க முறைமை அல்ல, மூன்று உண்டு என்று ஐபிஎம் சொன்னது: பிசி டாஸ், சிபி/எம்-86, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பிறந்த பி-சிஸ்டம். தேர்வு வாங்குபவர் கையில். ஆனால் பிசி டாஸின் விலை 40 டாலர். பின்னால் 1982இல் வந்த சிபி/எம்-86இன் விலையோ 240 டாலர். இந்நிலையில் நீங்கள் எதை வாங்கியிருப்பீர்கள்? மக்களும் அதையே வாங்கினர். காகிதத்தில் மூன்று வழிகள் இருந்தன. நடைமுறையில் ஒரே வழிதான் இருந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் கிடைத்துவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

பிரித்ததை மீண்டும் ஒட்டியவர்கள்

மைக்ரோசாஃப்ட் தன் டாஸை வேறு நிறுவனங்களுக்கும் விற்றது. அந்நிறுவனங்கள் சிபி/எம் காலத்தைப் போலவே தம் பொறிகளுக்கு ஏற்ப அடியடுக்கை மாற்றி எழுதிக்கொண்டன. பொறிகள் வேறுவேறாக இருந்தாலும் டாஸ் ஓடியது. கில்டாலின் கொள்கை இங்கும் வென்றதுபோலத் தோன்றியது.

ஆனால் நிரல் எழுதுபவர்கள் அவசரக்காரர்கள். ஒவ்வோர் எழுத்தையும் மூன்று அடுக்குகளின் வழியே அனுப்பினால் திரை மெதுவாக நிரம்பும். திரைக்கென்று உள்ள நினைவகத்தில் நேராக எழுதினால் கண்ணிமைக்கும் நேரத்தில் நிரம்பும். 1983 ஜனவரியில் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல் அவ்வாறே ஐபிஎம் பொறியின் திரை நினைவகத்தில் நேராக எழுதியது. வேகம் கிடைத்தது, ஆனால் ஐபிஎம்மைப் போலவே அமைந்திராத பொறிகளில் அது ஓடவில்லை. தபால்காரரை விட்டுவிட்டுக் கடிதத்தை நாமே கொண்டு போய்க் கொடுத்தால் விரைவுதான்; ஆனால் தெரு மாறினால் கடிதம் சேராது.

இதன் விளைவு வியப்பானது. இயக்க முறைமையைப் பொறிக்கு ஏற்ப மாற்றுவது நின்றது. பொறியை நிரலுக்கு ஏற்ப மாற்றுவது தொடங்கியது. 1982 நவம்பரில் காம்பேக் நிறுவனம் ஐபிஎம் பொறிக்கு அச்சாக ஒத்த பொறியை அறிவித்தது. அதன்பின் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே வார்ப்பில் செய்தனர். பொறிகள் மலிவாயின, வகைகள் குறைந்தன.

வாங்கியவர்களுக்கு மாற்றும் வாய்ப்பு அடியோடு போய்விடவில்லை. 1983இல் வந்த டாஸ் 2.0இல் கான்ஃபிக்.சிஸ் என்ற சிறு கோப்பு அறிமுகமாயிற்று. எந்தக் கருவிக்கு எந்தத் துணை நிரலை ஏற்ற வேண்டும் என்று அதில் ஒரு வரி எழுதினால் போதும். 8088 நுண்செயலி எட்டக்கூடிய முகவரிகள் 1024 கிலோபைட்; அதில் 384 கிலோபைட் திரைக்கும் நிலை நினைவகத்திற்கும் ஒதுக்கப்பட்டது; எஞ்சியது 640. இந்த 640இல் ஒவ்வொரு கிலோபைட்டையும் மீட்பதற்காகப் பல்லாயிரம் பேர் அந்தச் சிறு கோப்பைத் திருத்தித் திருத்திப் பழகினர். கணிப்பொறியின் உள்ளமைப்பைப் பலர் கற்றது அப்பயிற்சியினால்தான்.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஐபிஎம் பிசியின் எழுத்து வடிவங்கள் 256. அவை ஒரு சில்லில் நிலையாகப் பதிக்கப்பட்டவை. அவற்றில் தமிழ் இல்லை. டாஸை மாற்றி எழுத நமக்கு உரிமையும் இல்லை. அதன் மூலநிரல் நமக்குக் கிடைக்கவில்லை. எனவே ஐஐடி கான்பூரில் தொடங்கி, பின்னர் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ஜிஸ்ட் என்னும் ஆய்வின் பயனாக, கணிப்பொறிக்குள் செருகும் ஓர் அட்டை உருவாயிற்று. அதனைச் செருகினால் டாஸ் திரையில் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகள் தெரிந்தன. ஒரு மென்பொருளைத் திருத்த இயலாததால் ஒரு வன்பொருளையே செய்ய வேண்டியிருந்தது. மாற்றும் உரிமை இல்லாததன் விலை எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

மூலநிரலும் உன்னுடையது

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். பயன்படுத்துபவர் நிரலைப் படிக்கவும் மாற்றவும் பிறருக்குக் கொடுக்கவும் உரிமை பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் 386 கணிப்பொறிக்காக ஓர் இயக்க முறைமையின் கருவை எழுதி வெளியிட்டார். 1992இல் அதனைக் குனூ உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். இதுவே லினக்ஸ்.

சிபி/எம்மில் அடியடுக்கை மட்டும் மாற்றலாம். டாஸில் அமைப்புக் கோப்பை மட்டும் மாற்றலாம். லினக்ஸிலோ அடிமுதல் முடிவரை எல்லாவற்றையும் மாற்றலாம். 1993இல் ஸ்லாக்வேர், டெபியன் ஆகிய தொகுப்புகள் தோன்றின. கருவையும் கருவிகளையும் சேர்த்து, வேண்டுவோர்க்கு வேண்டிய வடிவில் தருபவை இவை. டெபியனை அடிப்படையாகக் கொண்டு, சென்னை சி-டாக் 2007இல் பாஸ் என்ற தொகுப்பை வெளியிட்டது. இந்திய மொழிகளில் வேலை செய்வதே அதன் நோக்கம். இம்முறை தனி அட்டை எதுவும் தேவைப்படவில்லை.

இன்று நீங்கள் கேட்க வேண்டியவை

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லும் புதிய நுண்செயலியும் பழைய கணிப்பொறிகள் பலவற்றில் இல்லை. பொறி நன்றாக ஓடுகிறது; ஆனால் அதன் இயக்க முறைமைக்கு ஆயுள் முடிந்துவிட்டது. அதைத் தூக்கி எறிவதா? பொறியும் இயக்க முறைமையும் ஒன்றே என்று எண்ணுபவருக்கு வேறு வழி தெரியாது. இரண்டும் வேறு என்று அறிந்த உங்களுக்குத் தெரியும்.

எனவே ஓர் இயக்க முறைமையைத் தேர்ந்தெடுக்கும்முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, எனக்கு வேண்டிய நிரல்கள் இதில் ஓடுமா? 1983இல் லோட்டஸ் ஓடாத பொறிகளை வாங்கியவர்கள் இக்கேள்வியைக் கேட்கவில்லை. இரண்டாவது, என்னிடமுள்ள உறுப்புகளை, அச்சுப்பொறி முதல் வருடி வரை, இது அறியுமா? மூன்றாவது, தேவைப்பட்டால் இதனை நானோ, எனக்கு அருகில் உள்ள ஒருவரோ மாற்றியமைக்க முடியுமா? பல லினக்ஸ் தொகுப்புகளை வன்வட்டில் ஏற்றாமலேயே ஒரு யுஎஸ்பி நினைவுக்கோலிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். முக்கியமான கோப்புகளுக்கு முதலில் படி எடுத்து வைத்துக்கொண்டு, ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

கேரி கில்டால் 1994இல் தம் 52ஆம் வயதில் காலமானார். அவருடைய நிறுவனம் அதற்கு முன்பே, 1991இல், நோவெல் நிறுவனத்திற்கு விற்கப்பட்டிருந்தது. 2014இல் பசிபிக் குரோவ் நகரில் அவர் வேலை செய்த வீட்டின் முன்னால் நினைவுப் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அதே ஆண்டில் சிபி/எம்மின் பழைய மூலநிரல்களும் பொதுமக்கள் காணும்படி வெளியிடப்பட்டன. ஐபிஎம் ஒப்பந்தம் கை நழுவிப்போனதைக் கொண்டே பலர் அவரை நினைவுகூர்கின்றனர். ஆனால் மாறுவதையும் மாறாததையும் பிரித்து வைக்க வேண்டும் என்ற அவருடைய எளிய எண்ணம், உங்கள் கணிப்பொறியில் எந்த இயக்க முறைமை இருந்தாலும் அதனுள்ளே இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது.